நடுவில் ஒரு தகடு

தீயும் வாடையை முதலில் பிடித்தது அம்மாதான்.

“கண்ணு, என்னமோ தீயுது.”

மேட்டுப்பாளையமும் கல்லாறும் தாண்டி, குன்னூர் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு லாரி. இரண்டாவது கியரை விட்டு மேலே போக வழியில்லை. “லாரியோட பிரேக்கும்மா,” என்றேன். கொஞ்சம் நேரான இடம் வந்ததும் லாரியை முந்தினேன். வாடை எங்களோடேயே வந்தது. கருகின எண்ணெயில் கொஞ்சம் கந்தகம் கலந்த மாதிரி.

“லாரிதான் பின்னால போயிருச்சே,” என்றாள் அம்மா.

பர்லியார் பழக்கடைகள் ஓரமாக நிறுத்தி பானெட்டைத் தூக்கினேன். ரேடியேட்டர் சூடு சரி. எஞ்சின் ஆயில் அளவு சரி. எஞ்சினுக்குப் பின்னால், டேஷ்போர்டுச் சுவரை ஒட்டிய இருட்டிலிருந்து ஊதுவத்திப் புகை அளவுக்கு நீலமாக ஏதோ வந்துகொண்டிருந்தது. குனிந்து போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். அடிப்பாகத்தில் வலதுபக்கம் முழுக்கக் கறுப்புக் கிரீஸ் தெறித்துக் கிடந்தது.

அன்றைக்கு நாங்கள் சுற்றிப்பார்க்கப் போகவில்லை. அம்மாவைக் குன்னூரில் தங்கச்சி வீட்டில் விடப் போய்க்கொண்டிருந்தோம். கொஞ்ச நாளைக்கு. எத்தனை நாள் என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மடியில் வைத்திருந்த பையில் ஆறு புடவை இருந்தது. அந்தப் பையை டிக்கியில் வைக்க அவள் சம்மதிக்கவே இல்லை.

அப்பா போன பிறகு அம்மா சரவணம்பட்டியில் எங்களோடுதான் இருக்கிறாள். கடைசி ஒரு வருடமாக அவளுடைய பேச்சு அதிகமாகிவிட்டது என்பது என் எண்ணம். மோட்டார் ஓடுது, ஃபேன் சும்மா சுத்துது, கேட் தொறந்து கிடக்குது. சாயங்கால மீட்டிங்குகளை முடித்துவிட்டு நான் அறையிலிருந்து வெளியே வரும்போது சரியாக ஆரம்பிப்பாள். தங்கச்சியிடம் போனில் புலம்பினேன். “வயசானா அப்படித்தாண்ணா. கொஞ்ச நாள் இங்க அனுப்பு, மலைக்காத்து நல்லாருக்கும்,” என்றாள்.

வண்டியைத் திருப்பினேன். இறங்கும்போது எஞ்சினுக்கு வேலையில்லை, வாடையும் குறைந்தது. வீட்டுக்கு வந்து அம்மா புடவைகளை மறுபடி பீரோவில் அடுக்கினாள்.

*

கணபதியில் நான் போகும் ஒர்க்‌ஷாப் என்பது ஒரு வேப்பமரம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு அண்ணன், உதவிக்கு ஒரு பையன். அண்ணன் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, வலது சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் படுத்தார். இரண்டே நிமிடத்தில் குரல் வந்தது.

“உள்பக்க பூட் போயிருச்சுங்க தம்பி. வந்து படுத்துப் பாருங்க.”

படுத்தேன். ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ஒரு கறுப்பு ரப்பர். ஒரு மடிப்பின் பள்ளத்தில் வட்டமாகக் கீறல் ஓடி, வாய் பிளந்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ், வண்டி ஓட ஓட வெளியே சுழற்றி அடிக்கப்பட்டு, பக்கத்தில் இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்மேல் விழுந்து கருகியிருக்கிறது. அண்ணன் ரப்பரை விரலால் அழுத்தினார். துணுக்காக உடைந்து வந்தது. “அப்பளமாட்ட ஆயிருச்சு. இப்ப அந்தப் பக்கத்தத் தொட்டுப் பாருங்க.”

இடதுபக்க பூட் மெத்தென்று இருந்தது. இரண்டும் ஒரே நாளில் ஒரே வண்டியில் மாட்டப்பட்டவை. ஒரே சாலை, ஒரே குழி, ஒரே மழை. ஒரே வித்தியாசம், வலதுபக்கத்து பூட்டுக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் நான்கு விரற்கடை தூரம்தான்.

“இந்த எடத்துல ஒரு தகடு இருந்திருக்கணுமே. எங்கீங்க அது?”

உடனே பதில் சொல்லவில்லை. எங்கே என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டிக்கு அடியில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஏசி ஓடினால் கூடும், ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் நிற்கும். லொட லொட லொட. அம்மா அப்போதுதான் எங்களோடு வந்திருந்தாள். “உங்கப்பத்தா வந்து உக்காந்துட்டாங்க போல,” என்றாள் பின்சீட்டிலிருந்து. எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அந்தச் சத்தத்துக்கு எங்கள் வீட்டில் அப்பத்தா என்றே பெயர். “அப்பா, அப்பத்தா பேசறாங்க,” என்று மகள்கூட சொல்வாள்.

எனக்கு அது நரம்பில் ஏறியது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அங்கிருந்த பையன் வண்டியைத் தூக்கி, அடியில் ஒரு தட்டுத் தட்டினான். “ஹீட் ஷீல்டு சார். போல்ட்டுகிட்ட துரு தின்னுருச்சு. கழட்டிடலாமா?”

“கழட்டினா ஏதாவது ஆகுமா?”

“ஒண்ணும் ஆகாது சார்.”

ஐந்து நிமிட வேலை. காசுகூட வாங்கவில்லை. வளைந்து நெளிந்த, பார்க்கச் சகிக்காத ஒரு தகடு பழைய இரும்புக் குவியலில் போய் விழுந்தது. வண்டி அமைதியானது. நான்கு வருடம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த நான், அது எதற்காக அங்கே இருந்தது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அந்தப் பையன் சொன்னதும் பொய்யில்லை. இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை.

*

பூட் என்று மகளிடம் சொன்னபோது, “பூட்டாப்பா?” என்று கேட்டாள். கிட்டத்தட்ட அதுதான்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் அந்தச் சக்கரத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று வேலை. சுற்ற வேண்டும், குழியில் ஏறி இறங்க வேண்டும், ஸ்டியரிங் சொன்ன பக்கம் திரும்ப வேண்டும். சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் போகும் இரும்புத் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். அதன் இரண்டு முனையிலும் நம் மணிக்கட்டு மாதிரி ஒரு மூட்டு. லாரிகளுக்கு அடியில் நீளமாகச் சுற்றும் ஷாஃப்டில் இருக்கும் சிலுவை மூட்டு இங்கே உதவாது. வளைந்த நிலையில் சுற்றும்போது அதன் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும், ஸ்டியரிங் துடிக்கும். 1920களில் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற இன்ஜினியர் ஆறு பால்ரஸ் குண்டுகளை வைத்து இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தக் கோணத்தில் வளைந்தாலும் உள்ளே வரும் வேகம் அப்படியே வெளியே போகும். 1959இல் பிரிட்டனில் வந்த மினி காரின் முன்சக்கரங்களில் இந்த வகை மூட்டுதான். இன்று நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களின் வெளிப்பக்க மூட்டும் பெரும்பாலும் அதன் வாரிசு. உள்பக்கத்து மூட்டில் பொதுவாக மூன்று உருளைகள் இருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது அவை உள்ளும் வெளியும் நழுவிக் கொடுக்கும்.

இத்தனை நுட்பமான இரும்பையும் உயிரோடு வைத்திருப்பது ஒரு கைப்பிடி கிரீஸ். அந்தக் கிரீஸை உள்ளே பிடித்து வைத்திருப்பது சில நூறு ரூபாய் ரப்பர். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த ரப்பர் நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டே மடிந்து விரிகிறது. அது கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மண் உள்ளே வரும். மண்ணும் மிச்சக் கிரீஸும் சேர்ந்தால் வால்வு தேய்க்கும் பேஸ்ட் மாதிரி. மூட்டு தன்னைத்தானே தேய்த்துத் தின்றுவிடும். பிறகு ஷாஃப்டையே மாற்ற வேண்டும், ஆயிரக்கணக்கில் செலவு. என் அதிர்ஷ்டம், அண்ணன் மூட்டைப் பிரித்து டீசலில் கழுவிப் பார்த்தபோது உருளைகளில் கீறல் இல்லை.

“புது பூட் போட்டு விட்டர்றங்க. ஆனா தகடு இல்லாம போட்டா இதுவும் ரெண்டு வருசம்தான்,” என்றார். ஒரிஜினல் தகடு ஆர்டர் போட்டால் எப்போது வரும் என்று கடையில் சொல்லத் தெரியவில்லை. “நீங்களே செஞ்சிருங்க. இன்ஜினீருதானுங்களே.”

கேலிதான். ஆனால் அன்று இரவு நான் பரணிலிருந்து பழைய ஹீட் டிரான்ஸ்ஃபர் நோட்டை எடுத்தேன்.

*

எங்கள் காலத்து அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் பெரிய கேள்விக்கு 16 மார்க். அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கணக்கு உண்டு. ஒரு சூடான தகடு, எதிரே ஒரு குளிர்ந்த தகடு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக மெல்லிய தகடு ஒன்றை நிறுத்துகிறோம். போகும் வெப்பம் எவ்வளவு குறையும்?

குழாய் ரப்பரைத் தொடுவதில்லை. நடுவில் இருக்கும் காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அப்படியும் சூடு போய்ச் சேர்கிறது, வெயில் நம்மேல் விழுகிற மாதிரி, கதிர்வீச்சாக. ஜோசப் ஸ்டெஃபான் 1879இல் சொன்ன விதிப்படி அது கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். 200 டிகிரி செல்சியஸில் இருக்கும் குழாய் 400 டிகிரிக்குப் போனால் அது வீசும் சூடு இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். மலை ஏறும்போது எஞ்சின் முழு பலத்தில் உழைக்கிறது, வண்டியோ ஊர்கிறது, அடியில் காற்றோட்டமும் இல்லை. ரப்பர் வேகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

பூட்டுக்குப் பயன்படும் சாதாரண ரப்பர் நூறு டிகிரியை ஒட்டித்தான் நாள்பட உழைக்கும். அதற்கு மேலே ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் மூப்பு இரண்டு மடங்கு வேகமாகும் என்பது இன்ஜினியர்கள் போடும் தோராயக் கணக்கு. முப்பது டிகிரி கூடினால் எட்டு மடங்கு. ஒரே வயதுள்ள இரண்டு ரப்பரில் ஒன்று மெத்தென்றும் ஒன்று அப்பளமாகவும் ஆனது இப்படித்தான்.

நடுவில் நிற்கும் தகடு மற்ற இரண்டைப் போன்ற மேற்பரப்பே கொண்டிருந்தால் வெப்பம் சரிபாதியாகும். இரண்டு தகடு வைத்தால் மூன்றில் ஒரு பங்கு. பளபளப்பான அலுமினியமாக இருந்தால் விஷயமே வேறு. துருப்பிடித்த குழாய்க்குக் கதிர்வீச்சுத் திறன் 0.8, ரப்பருக்கும் அதே அளவு, பளபளக்கும் அலுமினியத்துக்கு 0.05 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 27இல் ஒரு பங்கு என்று வந்தது. நோட்டில் இருக்கும் தகடுகள் முடிவில்லாமல் நீள்பவை, வண்டிக்கு அடியில் அப்படி எதுவும் கிடையாது. புழுதி படியும், பளபளப்பு போகும், ஓரத்தைச் சுற்றிக்கொண்டு சூடு வரும். அதில் ஒரு பகுதி கிடைத்தாலே ரப்பருக்குப் போதும்.

அந்த 16 மார்க் கேள்விக்கு ஒரு வால் உண்டு. நடுவில் நிற்கும் தகட்டின் வெப்பநிலை என்ன என்றும் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். என் நோட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. குறைந்த மார்க் என்று விட்டுவிட்டிருக்கிறேன்.

*

சனிக்கிழமை காலை பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கத்தரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், அது முதல் விதி. அட்டையைக் குழாய்க்கும் பூட்டுக்கும் நடுவில் நுழைத்து, இடிக்கும் இடங்களைப் பேனாவால் குறித்து, வெட்டி, மறுபடி நுழைத்து, ஏழெட்டு முறைக்குப் பிறகு ஒரு உருவம் கிடைத்தது. பார்க்க ஒரு முறம் போல இருந்தது. தகரக்கடையில் ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வாங்கி, அதே அளவுக்கு வெட்டினோம். ஓரங்களை அரை அங்குலம் மடிக்கச் சொன்னார் அண்ணன். மடிக்காத தகடு காகிதம் மாதிரி படபடக்கும், கைகளையும் அறுக்கும்.

முதல் முயற்சியில் தோற்றேன். கைக்கு எட்டின இடத்தில் ஓட்டை இருந்ததால் தகட்டை வண்டியின் உடம்போடு சேர்த்து மாட்டிவிட்டேன். பூட்டிலிருந்து ஒரு விரல், குழாயிலிருந்து ஒரு விரல், அழகாகத்தான் நின்றது. ரிவர்ஸ் கியர் போட்டு கிளட்சை விட்டதும் கர்ரென்று உரசியது.

“எஞ்சின் ரப்பர் மேல உக்காந்திருக்குங்க. ரிவர்ஸ் போட்டா ஒரு பக்கமா சாயும். அதோட சேந்து குழாயும் ஆடும், ஷாஃப்டோட உள்மூட்டும் ஆடும். உங்க தகடு மட்டும் வெறப்பா நிக்கிது,” என்றார் அண்ணன். “எஞ்சினோட கட்டுங்க. எல்லாம் ஒண்ணா ஆடட்டும்.”

எஞ்சின் பிளாக்கிலேயே பழைய தகட்டின் மூன்று போல்ட் ஓட்டைகள் இருந்தன. துருவைச் சுரண்டி எடுத்ததும் தெரிந்தது, கம்பெனிக்காரர்கள் ஏற்கனவே எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார்கள். இரும்புப் பட்டையில் மூன்று கால் செய்து தகட்டை அங்கே மாட்டினோம். குழாய்ப் பக்கம் 15 மில்லிமீட்டர் இடைவெளி, பூட் பக்கமும் அதே அளவு. தகடு இரண்டையும் தொடக்கூடாது. தொட்டால் அது தடுப்பாக இருக்காது, சூட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பாலமாகிவிடும்.

போல்ட்டைப் போடும்போது அண்ணன் ஒவ்வொன்றுக்கும் அகலமான வாஷர் ஒன்று எடுத்துக் கொடுத்தார். “மொதல்ல இருந்ததும் இதே கதைதாங்க. போல்ட்டு ஓட்டையச் சுத்தி துரு தின்னும். ஓட்டை போல்ட்டு தலைய விடப் பெருசாகும். அப்பறம் ஆடும், சத்தம் போடும். தகட்டுல ஒண்ணும் தப்பிருக்காது. இந்த வாஷரு மூணு போட்டிருந்தா அதுவே இன்னும் அஞ்சு வருசம் ஓடியிருக்கும்.”

“எவ்வளவுங்ணா வாஷர்?”

“மூணும் சேத்து பத்து ரூவா.”

*

ஞாயிறு சாயங்காலம் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து கைக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தேங்காய் எண்ணெயும் ஒரு பிடி சர்க்கரையும் கொண்டுவந்து கொடுத்தாள். மில் காலத்தில் அப்பாவுக்கும் அதைத்தான் கொடுப்பாள்.

“சரியாயிருச்சா? அந்தத் தகடு எதுக்கு கண்ணு?”

“அடுப்புக்கும் கேஸ் டியூபுக்கும் நடுவுல மறைப்பு வெக்கற மாதிரிம்மா. இல்லன்னா ரப்பர் வெந்துரும்.”

“லொடலொடன்னுதுன்னு கழட்டிப் போட்டியே, அதா?”

“அதேதான்.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உங்கப்பத்தாவையும் அப்படித்தான அனுப்பிச்சோம்,” என்றாள்.

அனுப்பிச்சோம் என்றாள். அனுப்பியது நான்.

அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருந்தார். நூல் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக வெக்கையும் ஈரமுமாகவே வைத்திருக்கும் கூடத்தில் எட்டு மணி நேரம். மில்லை மூடப் போகிறார்கள், மூடவில்லை, பாதிச் சம்பளம், அதுவும் இல்லை என்று வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த காலம். பகல் ஷிப்ட் முடிந்து அவர் வரும் நேரம் அப்பத்தா வாசல் திண்ணையில் இருப்பாள். சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். ஏண்டா இவ்வளவு நேரம், ரேஷனுக்குப் போனயா, ஓட்ட மாத்தறேன்னு சொல்லி எத்தன மாசமாச்சு. அப்பா கத்துவார். அப்பத்தா விடமாட்டாள். தெருவே கேட்கும். அரைமணி நேரம் கழித்து அப்பா குளித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி எங்களோடு சாப்பிட உட்காருவார்.

2007 ஜனவரி. எனக்கு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அந்தச் சத்தத்தில் ஒரு பக்கம்கூட படிக்க முடியவில்லை. சண்டைக்குக் காரணம் அப்பத்தாதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் முதலில் ஆரம்பிக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறேனே. அழுது, சாப்பிடாமல் கிடந்து, அவளை உடுமலைப்பேட்டையில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்ப வைத்தேன். பரீட்சை முடியும்வரை. மஞ்சப்பையோடு பஸ் ஏறும்போது அவள் என்னைத் திட்டவில்லை. “நல்லா படி சாமி,” என்றாள். அம்மாவைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னாள்.

வீடு அமைதியானது. பத்தே நாளில் ஒரு சாயங்காலம் சோற்றுத் தட்டு சுவரில் அடித்து விழுந்தது. பிறகு தட்டு மட்டுமில்லை. நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நல்ல மார்க் வாங்கினேன். ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். தங்கச்சி அந்த வீட்டில் இருந்தாள். அப்பத்தாவைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அல்லது என்னைக் கேட்காமல் கூப்பிட யாருக்கும் மனமில்லை. அடுத்த வருடம் ஆடியில் சித்தப்பா வீட்டிலேயே இறந்துபோனாள்.

“பஸ் ஏறும்போது உன்கிட்ட என்ன சொன்னாங்கம்மா?”

“என்னத்தச் சொன்னாங்க. ‘செருப்புச் சத்தத்தக் கவனி, சரியில்லன்னா புள்ளைங்கள கூட்டிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிரு’ன்னாங்க.” அம்மா என் கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள். “அவங்களுக்கு உங்கப்பா தெருமுக்குல வர்றப்பவே தெரிஞ்சிரும். அன்னிக்கு மில்லுல என்னமோ ஆயிருக்குன்னா வேணும்னே வாயக் கொடுப்பாங்க. நான் ஒருக்கா கேட்டேன், ஏத்தே இப்படிப் பண்றீங்கன்னு. ‘பெத்தவ மேல கை வெக்கமாட்டான். எங்கிட்ட கத்தித் தீத்துக்கட்டும், நீ உள்ள போ’ன்னாங்க.”

பதினெட்டு வருடம் கழித்துத் தெரிகிறது.

இதற்கு மேல் இந்த ஒப்பீட்டைக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. அலுமினியத்துக்கு வலிக்காது. அப்பத்தாவுக்கு வலித்திருக்கும், நடுத்தகட்டின் வெப்பநிலையை யாரும் கணக்குப் போடவில்லை. எக்ஸாஸ்ட் குழாயைக் குற்றம் சொல்ல முடியாது, சூடாவது அதன் வேலை. அப்பாவைக் குற்றம் சொல்லலாம். மில் அவரை வேகவைத்தது உண்மை. ஆனால் அதே மில்லில் வேலை பார்த்த எல்லோர் வீட்டிலும் தட்டு பறக்கவில்லை. ஒரு கிழவி தினமும் நடுவில் வந்து நிற்க வேண்டியிருந்த வீட்டில் பிரச்சினை கிழவி இல்லை, அவளைப் பெரிய தியாகி ஆக்கினாலும் அந்த வீடு சரியாகிவிடாது.

என்னை அன்று இரவு தூங்கவிடாமல் செய்தது இதுகூட இல்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம். அலுவலகத்தில் ரிலீஸ் ஒன்று சொதப்பி, இரண்டு மணி நேரம் திட்டு வாங்கிவிட்டு அறையிலிருந்து வந்தேன். மகள் ஹாலில் வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். தப்பு. மறுபடி போட்டாள். அதுவும் தப்பு. என் குரல் ஏறியது. நோட்டைப் பிடுங்கினேன். அந்த நொடியில் சமையலறையிலிருந்து அம்மா: “மோட்டார் ஓடிட்டே இருக்குது பாரு, தண்ணி வழியுது, இந்த வீட்டுல ஒருத்தருக்கும் பொறுப்பில்ல...” நான் அந்தப் பக்கம் திரும்பினேன். ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டியா என்று கத்தினேன். எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது. மகள் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மோட்டார் ஓடவில்லை. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று அன்று இரவே தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

பின்வாசலில் கையைக் கழுவிக்கொண்டே கேட்டேன். “அம்மா, அன்னிக்கு மோட்டார் ஓடலயே.”

“ஓடுச்சு. சத்தம் கேட்டுச்சு, சொன்னேன்,” என்றாள் அம்மா. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

மூன்று வாரம் கழித்துக் குன்னூர் போனோம், நான்கு பேரும். இரண்டு நாள் தங்கினோம். கிளம்பும்போது தங்கச்சி என்னைத் தனியே இழுத்து, “அம்மாவ விட்டுட்டுப் போறேன்னியே?” என்று கேட்டாள். சத்தத்துக்கு அம்மா காரணமில்லை என்று மட்டும் சொன்னேன். மீதியை அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் என்னைவிட அதிக நாள் இருந்தவள் அவள். கத்துவதற்கு முன் எழுந்து வெளியே நடந்துவிடுவது என்று எனக்கு நானே ஒரு விதி போட்டிருக்கிறேன். இந்த மூன்று வாரத்தில் இரண்டு முறை அதை மீறியிருக்கிறேன். இரண்டு முறையும் சமையலறையிலிருந்து மோட்டார் ஓடியது.

இறங்கி வரும் வழியில் ஒரு திருப்பத்தில் நின்று கிளம்பியபோது அடியிலிருந்து லேசாகக் கேட்டது. லொட. லொட.

பின்சீட்டிலிருந்து அம்மா, “மறுபடி வந்துட்டாங்க போல,” என்றாள்.

அடுத்து வந்த டீக்கடையில் வண்டியை ஓரம் கட்டினேன். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பூட் உலர்ந்து சுத்தமாக இருந்தது. தகட்டின் மூன்று போல்ட்டில் ஒன்று மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. புதுத் தகடு சூட்டில் விரிந்து சுருங்கி இடம் பிடிக்கும்போது அப்படி ஆகும், ஒரு முறை மறுபடி இறுக்க வேண்டியிருக்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஸ்பேனர் டிக்கியில் இருந்தது. ஆனால் குழாய் கொதித்துக்கொண்டிருந்தது, கை வைக்க முடியாது.

“எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?” என்றாள் மகள்.

“ஆறணும். முக்கால் மணி நேரம்.”

நான்கு டீ சொன்னேன், ஒன்று சக்கரை இல்லாமல். பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா டீக்கடைக்காரரிடம், குழாயைச் சரியாக மூடவில்லை, தண்ணி சொட்டுது பாருங்க என்று ஆரம்பித்தாள். திரும்பிப் பார்த்தேன். நிஜமாகவே சொட்டிக்கொண்டிருந்தது.